ஐசியூ இன்சார்ஜ் பொறுப்பும் சங்கத் தன்னார்வமும்: எதை முதலில் கற்பது?

கோவை_ஐசியூ

வணக்கம். தனியார் மருத்துவமனை, 14 படுக்கை ஐசியூ, மூன்று ஷிஃப்ட். எந்த நேரமும் ஆறு பேராவது வென்டிலேட்டரில் இருப்பார்கள். அடுத்த மாதத்திலிருந்து இன்சார்ஜ் பொறுப்பு என்று என்எஸ் (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்) மேடம் சொல்லிவிட்டார். அதே சமயம் டிஎன்ஏஐ (இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம்) கிளையின் கல்விக் குழுவில் சேரச் சொல்லி அழைப்பும் வந்திருக்கிறது. வென்டிலேட்டர், ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை), இனோட்ரோப் (பிபியைத் தாங்கும் மருந்து) எல்லாம் கை பழகியவருக்கு இன்சார்ஜ் ஆகும்போது புதிதாக என்ன தெரிந்திருக்க வேண்டும்? சங்க வேலை இந்தப் பொறுப்புக்கு உதவுமா, இல்லை நேரத்தைத்தான் தின்னுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி_அக்கா

வாழ்த்துகள் தங்கச்சி. முதலில் ரோஸ்டர் கணக்கு. இது தெரியாமல் இன்சார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தால், யாருக்கு ஆஃப் கொடுப்பது என்ற சண்டையிலேயே வருடம் போய்விடும்.

உங்கள் ஐசியூவையே எடுத்துக்கொள்வோம். வென்டிலேட்டரில் 6 பேர், ஆளுக்கு ஒரு நர்ஸ், ஆக 6. மீதி 8 பேருக்கு இரண்டு பேருக்கு ஒருவர் வீதம் 4. தனக்கென்று பேஷன்ட் இல்லாத ஷிஃப்ட் இன்சார்ஜ் 1. மொத்தம் ஒரு ஷிஃப்ட்டுக்கு 11. ஒரு நாளைக்கு 33 டூட்டி, வருடத்துக்கு 33 × 365 = 12,045 டூட்டி.

இனி ஒரு நர்ஸ் வருடத்தில் எத்தனை டூட்டி செய்ய முடியும்? 365 நாளில் வார ஆஃப் 52 போகும். கேஷுவல், ஈஎல், சிக், பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்த்து 37 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 276. நைட் ஆஃப் தனியாகக் கொடுக்கும் இடமென்றால் இன்னும் குறையும். 12,045-ஐ 276-ஆல் வகுத்தால் 44 நர்ஸ் வேண்டும். மகப்பேறு விடுப்பும், வேலையை விட்டுப் போகிறவர்களும் இதில் சேரவில்லை.

பெரும்பாலான இடங்களில் நிர்வாகம் "ஷிஃப்ட்டுக்கு 11, மூணு ஷிஃப்ட்டுக்கு 33, அப்புறம் ரெண்டு மூணு பேர் ரிலீவர்" என்று கணக்குப் போட்டு 36-இல் நிறுத்திவிடும். குறைகிற எட்டுப் பேரின் வேலைதான் டபுள் டூட்டியாக மற்றவர்கள் தலையில் விழுகிறது. "ஆள் பத்தல மேடம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் பதில் வராது. மேலே உள்ள கணக்கை ஒரே தாளில், உங்கள் மருத்துவமனையின் உண்மையான லீவு நாட்களோடு எழுதி, வென்டிலேட்டர் நாட்களின் மூன்று மாதச் சராசரியையும் சேர்த்துக் கொடுங்கள். ஐஎஸ்சிசிஎம் (இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம்) வழிகாட்டுதல் வென்டிலேட்டர் பேஷன்ட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்கிறது. எந்த நிலையிலும் மூன்று பேருக்கு இரண்டு நர்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த வரியையும் எழுதுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் கலவை தவறினால் ஆபத்துதான். பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் இரண்டு புதியவர்களைப் போடாதீர்கள். ஆறு மாதம் தாண்டாதவர் எண்ணிக்கை ஒரு ஷிஃப்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். நைட்டுக்கும் இதே விதிதான். சீனியர்கள் எல்லாரையும் காலையில் குவித்துவிட்டு நைட்டைப் புதியவர்களிடம் விடுகிற ரோஸ்டரை நிறைய இடங்களில் பார்க்கலாம். ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பது ஒன்றே அதற்குக் காரணம். அதிகாலை நான்கு மணிக்குப் பேஷன்ட் மோசமாவதை யார் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் அதைவிட முக்கியம்.

மூன்றாம்_ஷிஃப்ட்

அக்கா சொன்ன கணக்குக்கு நூற்றுக்கு நூறு. அடுத்தது ஹேண்ட்ஓவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது பேஷன்ட்டை ஒப்படைப்பது. தப்புகள் அதிகம் நுழைகிற வாசல் அதுதான்.

நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக் கொடுக்கும் ஹேண்ட்ஓவரை நிறுத்துங்கள். படுக்கையருகில், இரண்டு நர்ஸும் சேர்ந்து, மருந்துப் பையிலிருந்து பேஷன்ட் உடம்பு வரை ஒவ்வொரு லைனையும் விரலால் தொட்டு வர வேண்டும். பம்பில் ஓடும் வேகம், சிரிஞ்சில் ஒட்டிய லேபிள், ஆர்டர் ஷீட், மூன்றும் ஒத்துப்போகிறதா? மூச்சுக்குழாய் ட்யூப் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, கஃப் (ட்யூபைச் சுற்றியுள்ள காற்றுப்பை) அழுத்தம் 20-இலிருந்து 30 செ.மீ. நீருக்குள் இருக்கிறதா, அலாரம் எல்லை என்ன, இதையெல்லாம் வாங்குபவர் தானே பார்க்க வேண்டும். கேட்டு எழுதிக்கொள்வது போதாது.

பிபியை ஏற்றும் நார்அட்ரினலினைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதிகம் வரும் 2 மி.லி. ஆம்பூலில் பைடார்ட்ரேட் உப்பாக 4 மி.கி. இருக்கும், மருந்தாக எண்ணினால் அது 2 மி.கி. ஒருவர் "4 மி.கி. போட்டேன்" என்று ஒரு ஆம்பூல் போட்டிருப்பார், இன்னொருவர் அதே "4 மி.கி." என்று இரண்டு ஆம்பூல் போட்டிருப்பார். பம்பில் அதே வேகம் வைத்தால் டோஸ் இரட்டிப்பு அல்லது பாதி. ஐசியூ முழுவதும் ஒரே கலவை என்று முடிவு செய்து சுவரில் ஒட்டுங்கள். உதாரணத்துக்கு இரண்டு ஆம்பூல், அதாவது மருந்தாக 4 மி.கி., மொத்தம் 50 மி.லி. ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ பேஷன்ட்டுக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மி.லி. லேபிளில் ஆம்பூல் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள்.

சிரிஞ்ச் மாற்றும்போது பிபி சரிவதற்குக் காரணம், புதிய பம்பின் தள்ளுதண்டுக்கும் சிரிஞ்சுக்கும் நடுவே இருக்கும் தளர்ச்சி. வேகம் மணிக்கு 2, 3 மி.லி. என்று இருக்கும்போது அந்தத் தளர்ச்சி தீர்ந்து மருந்து நகரவே பல நிமிடம் பிடிக்கும். இரண்டாவது பம்பில் புதிய சிரிஞ்சைப் பொருத்தி, லைனைப் பேஷன்ட்டோடு இணைக்கும் முன் பர்ஜ் செய்து (வேகமாகத் தள்ளி லைனை நிரப்பி) ஓடவிட்டு, பிறகு இணைத்து, பிபி சற்று ஏறுவதைக் கண்டபின் பழையதை நிறுத்துங்கள். ஹேண்ட்ஓவருக்கு முன் 10 மி.லி.க்குக் கீழே இருக்கும் எந்த இனோட்ரோப் சிரிஞ்சையும் போகிற ஷிஃப்ட்தான் மாற்ற வேண்டும் என்று விதி வையுங்கள். இல்லையென்றால் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் அந்த அரைமணியில்தான் அது தீரும்.

கோவை_ஐசியூ

நன்றி அக்கா, நன்றி மூன்றாம் ஷிஃப்ட். ஷிஃப்ட் இன்சார்ஜுக்குப் பேஷன்ட் கொடுக்கக் கூடாது என்கிறீர்கள். எங்கள் இடத்தில் இரண்டு பேஷன்ட் கொடுக்கிறார்கள். இதை எப்படி எதிர்த்துப் பேசுவது?

நாமக்கல்_நர்ஸ்

எல்லாருக்கும் ஒத்துவராது சிஸ்டர். ஆறு படுக்கை ஐசியூவில் மூன்று நர்ஸ்தான் இருப்பார்கள். அதில் ஒருவரைச் சும்மா விட்டால் மற்ற இருவருக்கும் மூன்று மூன்று பேஷன்ட். சின்ன ஊர் மருத்துவமனைகளில் இன்சார்ஜ் பேஷன்ட் எடுத்தே ஆக வேண்டும். பேஷன்ட்டைத் தொடாத இன்சார்ஜுக்கு ஒரு வருடத்தில் கை மறந்துவிடும் என்பதையும் யோசியுங்கள்.

திருச்சி_அக்கா

நாமக்கல் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் 14 படுக்கைக்கு அது பொருந்தாது. கோட் ஆனால் (ஒருவருக்கு இதயம் நின்றால்) யார் போவது, புது அட்மிஷனுக்குப் படுக்கை யார் ஒதுக்குவது, சிடிக்கு ஒருவர் போனால் அவருடைய இன்னொரு பேஷன்ட்டை யார் பார்ப்பது? இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வரும். வந்தால் இன்சார்ஜின் இரண்டு பேஷன்ட்டும் அநாதை. சிறிய யூனிட்டில் தவிர்க்க முடியாதென்றால், வார்டுக்கு மாறத் தயாராக இருக்கும் ஒரே ஒரு ஸ்டேபிள் பேஷன்ட்டை எடுக்கட்டும். வென்டிலேட்டரோ டயாலிசிஸோ வேண்டாம். பேச்சை எடுக்கும்போது உரிமை என்று தொடங்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு, இன்சார்ஜ் தன் பேஷன்ட்டை விட்டு எழுந்து போன ஒவ்வொரு தடவையும் நேரம், காரணம், எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். அந்தத் தாள் பேசும்.

கை மறப்பதற்கு மருந்து, வாரத்தில் ஒரு ஷிஃப்ட் முழுநேரப் பேஷன்ட் எடுப்பது. அன்று இன்சார்ஜ் வேலையை அடுத்த சீனியர் செய்யட்டும். அவருக்கும் பழக்கம் வரும்.

மெடிக்கல்_காலேஜ்_வார்டு

எமர்ஜென்சி டிராலியைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. பட்டியல் எல்லா ஐசியூவிலும் தொங்குகிறது. டிக் அடிப்பதும் நடக்கிறது. பிரச்சினை அதற்குள்தான் இருக்கிறது.

கிருமிநீக்கப் பிரிவான சிஎஸ்எஸ்டி-யிலிருந்து திரும்பி வந்த ஆம்பு பேக்கில் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) வால்வைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்பை பிளக்கில் வைத்தே டெஸ்ட் செய்வார்கள், பேட்டரி செத்தது தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன ஜூலில் டெஸ்ட் ஷாக் கொடுத்து, வரும் பேப்பரை லாக் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். கார்டியோவெர்ஷனுக்கு (துடிப்போடு ஒத்து ஷாக் கொடுப்பது) பிறகு சிங்க் பட்டன் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ட்யூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா என்பதோடு, பிளேடு 3, 4 இரண்டும் அதே கைப்பிடியில் பொருந்துகிறதா? ஆக்சிஜன் சிலிண்டர் முழுதாக இருக்கும், திறக்கும் சாவி இருக்காது. சாவியைச் சங்கிலி போட்டு சிலிண்டரிலேயே கட்டுங்கள்.

மருந்து எண்ணிக்கையை ஒரு கோட் அவசரத்துக்கு ஆகும் செலவிலிருந்து வகுக்க வேண்டும். அட்ரினலின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு மி.கி.; அரைமணி நீளும் கோட் அவசரத்துக்கு அதிகபட்சம் 10 ஆம்பூல், ஆகவே டிராலியில் 15. அமியோடரோன் முதல் டோஸ் 300, அடுத்தது 150. ஆம்பூல் 150 மி.கி. என்பதால் மூன்றுக்குக் குறையக் கூடாது. அடர் பொட்டாசியம் குளோரைடு டிராலியில் இருக்கவே கூடாது. அந்த 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. நேரடியாகப் போட்டால் இதயம் நிற்கும். தனிப் பூட்டில், சிவப்பு லேபிளோடு, இரட்டைக் கையெழுத்தில் மட்டும். எண் உள்ள பிளாஸ்டிக் சீல் போட்டுப் பூட்டினால், சீல் உடையாத நாளில் எண்ணையும் டீஃபிப்பையும் சரிபார்த்தால் போதும்; உள்ளே எண்ணுவது மாதம் ஒருமுறை, காலாவதித் தேதியோடு.

சிடிக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் கணக்கு: பி டைப் சிலிண்டர் 150 பாரில் சுமார் 1,500 லிட்டர். கேஜ் 50 பார் காட்டினால் 500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 50 நிமிடம். போக, வர, காத்திருக்க 30 நிமிடம் ஆகும் என்றால் இரட்டிப்பாக 60 நிமிடத்துக்குக் கையில் இருக்க வேண்டும். இந்தச் சிலிண்டரோடு கிளம்பக் கூடாது. லிஃப்ட் மாட்டிக்கொள்வதும், சிடி டேபிளில் முன்னால் ஒருவர் இருப்பதும் தினம் நடப்பவை.

ஹூஸ்டன்_தமிழ்ச்செவிலி

அமெரிக்காவில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஷிஃப்ட்டை நடத்துபவர் சார்ஜ் நர்ஸ். பட்ஜெட், ஆள் எடுப்பு, 24 மணி நேரப் பொறுப்பு நர்ஸ் மேனேஜருக்கு. நம் ஊர் இன்சார்ஜ் சிஸ்டர் இரண்டையும் ஒரே சம்பளத்தில் செய்கிறார். அங்கே அது மாற வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

சங்கம் பற்றிக் கேட்டீர்கள். 1969-இல் தொடங்கிய ஏஏசிஎன் என்ற கிரிட்டிக்கல் கேர் செவிலியர் சங்கம், இங்கே தலைமைக்கான பயிற்சிக்களமாகவே இருக்கிறது. ஊர்க் கிளையின் தலைவர், செயலர், பொருளாளர் எல்லாரும் பணியிலிருக்கும் நர்ஸ்கள், சம்பளம் இல்லை. கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் போடுவது, கணக்கு ஒப்படைப்பது, ஒத்துப்போகாத இரண்டு பேரை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது, இவையெல்லாம் மேனேஜர் வேலையேதான். தீவிர சிகிச்சை நர்ஸுக்கான சிசிஆர்என் சான்றிதழுக்கு, அமெரிக்க ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமத்தோடு, இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் நேரடிப் பராமரிப்பு வேண்டும். அதில் 875 மணி கடைசி ஒரு வருடத்தில். செல்லுபடி மூன்று வருடம். 2005-இல் இந்தச் சங்கம் வெளியிட்ட ஆறு பணிச்சூழல் தரங்களில் ஒன்று, போதுமான ஆள்பலம். திருச்சி அக்கா போட்ட கணக்கு இங்கேயும் முதல் வரிசையில்தான் நிற்கிறது.

நாமக்கல்_நர்ஸ்

அமெரிக்கச் சம்பளத்தோடு தன்னார்வம் பேசுவது வேறு. இங்கே டபுள் டூட்டி முடித்து, ஹாஸ்டலில் தூங்கி எழுந்திருக்கவே நேரமில்லாத பெண்ணிடம் "சேவை" என்று கேட்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் என்று கூட்டிப்போய் 300 பேருக்கு பிபி பார்க்க வைப்பார்கள். மருத்துவமனைக்கு விளம்பரம், நர்ஸுக்கு வார ஆஃப் போச்சு. லீவில் இருப்பவரை "ஒரு ஷிஃப்ட் மட்டும் வாம்மா" என்று அழைப்பதையும் தன்னார்வக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

பிஎல்எஸ்_பயிற்றுநர்

நாமக்கல் சிஸ்டர் சொன்ன இரண்டும் தன்னார்வம் இல்லை. முதலாளி அனுப்பும் முகாம் டூட்டிதான். அதற்கு ஈடு ஆஃப் வாங்க வேண்டும். ஆள் பற்றாக்குறையை லீவில் வந்து நிரப்புவது ஓவர்டைம். அதற்குப் பணம் வாங்க வேண்டும். புது இன்சார்ஜ் இந்தக் கோட்டை முதல் நாளே போட்டுவிட்டால் அவருடைய ஸ்டாஃப் அவரை நம்புவார்கள்.

தொழில்முறைத் தன்னார்வம் என்றால், உங்கள் தனித்திறமை தேவைப்படும் வேலை, எழுத்தில் உள்ள பொறுப்பு, முடிவுத் தேதி. கல்விக் குழு அந்த வகை. சேரும் முன் கேளுங்கள்: மாதம் எத்தனை மணி, எத்தனை வருடத்துக்கு, செலவை யார் தருவார்கள், ரசீது யார் வைப்பார்கள்? மாதம் ஆறு மணி நேரம் என்று எல்லை போட்டு ஒரு வருடத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள். இன்சார்ஜ் ஆன முதல் மூன்று மாதம் மட்டும் வேண்டாம்.

டிஎன்ஏஐ 1908-இலிருந்து இருக்கும் அமைப்பு. கிளைகளில் குறை உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பதிவைப் புதுப்பிக்க 5 வருடத்தில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் (ஐஎன்சி) விதி. அதை வேலைக்குப் பயன்படும் வகுப்பாகக் கொடுக்கக் கல்விக் குழுவால் முடியும். ஒருநாள் பட்டறை நடத்தும் வழி சொல்கிறேன். தலைப்பை ஒரே திறமையாகக் குறுக்குங்கள். "கிரிட்டிக்கல் கேர் அப்டேட்" என்றால் எட்டுப் பேர் எட்டு பவர்பாயின்ட் ஓட்டிவிட்டுப் போவார்கள். "வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முதல் இரண்டு நிமிடம்" என்று வையுங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் பேச்சு, மீதி நேரம் நான்கு மேசைகள்: உயர் அழுத்த அலாரம், தாழ் அழுத்த அலாரம், ட்யூப் கழன்றது, சக்ஷன். 32 பேர், மேசைக்கு 8, ஒவ்வொன்றும் 40 நிமிடம். நர்சிங் கவுன்சிலின் தொடர்கல்வி மணி நேர அனுமதிக்கு நேர அட்டவணை, பேச்சாளர் தகுதி எல்லாம் சேர்த்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பழைய வென்டிலேட்டரையும் டெஸ்ட் லங்கையும் (சோதனைக்கான செயற்கை நுரையீரல்) பயோமெடிக்கல் பிரிவில் கேட்டால் கிடைக்கும். ஆக்சிஜன் பாயின்ட் உள்ள அறைதானா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். இதில்தான் பாதிப் பட்டறைகள் கவிழ்கின்றன.

பள்ளி, கல்லூரியில் சிபிஆர் சொல்லிக்கொடுக்கவும் ஐசியூ நர்ஸ்தான் பொருத்தம். கணக்கைச் சரியாகப் போடுங்கள். 60 மாணவர், 5 மேனிகின் (பயிற்சிப் பொம்மை) என்றால் ஒன்றுக்கு 12 பேர். ஆளுக்கு 2 நிமிடம் அழுத்தம், 2 நிமிடம் திருத்தம். பயிற்சிக்கே 48 நிமிடம். 45 நிமிடப் பீரியடில் நடக்காது, இரண்டு பீரியடு கேட்டு வாங்குங்கள். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120. மார்பு முழுதாக மேலெழ விடாமல் சாய்ந்துகொண்டே அழுத்துவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அதைத் திருத்தாமல் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

டெல்டா_செவிலி

பேரிடர்ப் பணி பற்றியும் சேர்க்கிறேன். 2018 நவம்பர் 16-இல் கஜா கரை கடந்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல நாள் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் முகாமுக்கு வரும் ஐசியூ நர்ஸ் டிரிப் போடத்தான் கை நீட்டுவார். அதைவிடப் பெரிய தேவை பட்டியல்: முகாமில் யார் டயாலிசிஸ் பேஷன்ட், கடைசியாக எப்போது செய்தது, யாருக்கு இன்சுலின், யாருக்கு வலிப்பு மாத்திரை, யார் நிறைமாதம். முதல் இரண்டு மணி நேரத்தில் இதை எடுத்து அரசு மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் இன்சுலின் வயலை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் படாத டப்பாவில் வையுங்கள்.

தானாகக் கிளம்பிப் போகாதீர்கள். மாவட்ட நிர்வாகமோ சுகாதாரத் துறையோ ஒதுக்கிய இடத்துக்குப் பதிவுச் சான்று நகலோடு போங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் டெட்டனஸும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இன்சார்ஜ் ஆன பிறகு இன்னொரு கேள்வியும் உண்டு: நீங்கள் போனால் உங்கள் யூனிட்டில் யார்? பேரிடரின்போது சொந்த ஐசியூ நிரம்பி வழியும்; ஸ்டாஃப் பாதிப் பேர் வர முடியாது. அப்போது உங்கள் இடம் உங்கள் ஐசியூதான்.

உறுப்பு தான விழிப்புணர்விலும் ஐசியூ நர்ஸ்களுக்குப் பங்கு உண்டு. மேடையில் பேசலாம், தவறில்லை. ஆனால் படுக்கையருகே ஒழுங்கு வேறு. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதனை முடிந்து மூளைச்சாவு அறிவிக்கப்படும் வரை, நர்ஸ் யாரும் குடும்பத்திடம் தானம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. அதைப் பேசுவது ஒருங்கிணைப்பாளர் வேலை. மரணத்தையே ஏற்றுக்கொள்ளாத தாயிடம் கையெழுத்துப் பேச்சு போனால் அந்தக் குடும்பத்துக்கு மருத்துவமனை மேல் இருக்கும் நம்பிக்கை உடைந்துவிடும். நம் வேலை பிபியையும் உடல் சூட்டையும் காப்பாற்றுவது. யூரின் திடீரென்று பெருகினால் சோடியம் ஏறும்; மணிக்கு மணி அளந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மெடிக்கல்_காலேஜ்_வார்டு

அரசு மருத்துவமனையில் உள்ளவர்களுக்கு ஒரு வரி: கண்காணிப்பாளர் பதவி பணிமூப்பில்தான் வரும். அதற்காக ஐசியூ நடத்தும் திறமையை அதுவரை தள்ளிப்போட வேண்டாம். பி.எஸ்சி. முடித்தவருக்கு ஐஎன்சி-யின் இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர் படிப்பு இருக்கிறது. ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) முடித்தவருக்கு ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமா. சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு அந்தப் படிப்புக்கான அனுமதி அந்த ஆண்டு இருக்கிறதா என்று ஐஎன்சி தளத்தில் பாருங்கள்.

கோவை_ஐசியூ

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது, எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. இன்ஃபெக்ஷன் கமிட்டியில் விஏபி (வென்டிலேட்டரில் இருப்பதால் வரும் நிமோனியா) விகிதம் கேட்பார்கள் என்கிறார்கள். அது நம் பொறுப்பா, ஐசிஎன் (தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ்) பொறுப்பா?

மூன்றாம்_ஷிஃப்ட்

கணக்குப் போடுவது ஐசிஎன். அடித்தளம் உங்கள் கையில். வென்டிலேட்டர் நாட்களைத் தினமும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். நள்ளிரவு 12 என்று வைத்தால் எப்போதும் 12. ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவு என்று எண்ணினால் விகிதம் பொய். மூன்று மாதத்தில் 412 வென்டிலேட்டர் நாள், 3 விஏபி என்றால் ஆயிரத்துக்கு 7.3. சின்ன யூனிட்டில் ஒரே ஒரு கேஸ் கூடினாலும் 9.7-க்குத் தாவும், அதனால் ஒரு மாத எண்ணை வைத்து யாரையும் திட்டாதீர்கள், காலாண்டாகப் பாருங்கள்.

எண்ணைவிட, செய்முறையைப் பார்ப்பதில்தான் பலன். தலைமாடு 30 முதல் 45 டிகிரி என்று எல்லாச் சார்ட்டிலும் எழுதியிருக்கும். படுக்கையின் கோணமானியைப் பார்த்தால் 15-இல் நிற்கும். பேஷன்ட் சறுக்கிக் கீழே வந்திருப்பார், எக்ஸ்ரேவுக்குத் தாழ்த்தி மறந்திருப்பார்கள். வாரத்தில் மூன்று நாள், சொல்லாமல், வெவ்வேறு ஷிஃப்ட்டில் போய்க் கோணம், கஃப் அழுத்தம், பல் துலக்கல், செடேஷன் (மயக்க மருந்து) நிறுத்திப் பார்த்தார்களா, இந்த நான்கை மட்டும் குறியுங்கள். பெயர் வேண்டாம், படுக்கை எண்ணும் வேண்டாம். மொத்தத்தில் எத்தனைக்கு எத்தனை என்று போர்டில் எழுதுங்கள்.

தப்பு நடக்கப்போய்த் தப்பித்த சம்பவங்களைச் சொல்ல ஒரு பெட்டியும் வையுங்கள். அதில் வரும் முதல் சீட்டை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள் என்று எல்லாரும் கவனிப்பார்கள். மெமோ போனால் அடுத்த சீட்டு வராது. நார்அட்ரினலின் லேபிள் குழப்பம் என்று எழுதி வந்தால், அன்றே லேபிளை மாற்றி, மாற்றியதை ஹேண்ட்ஓவரில் சொல்லுங்கள்.

திருச்சி_அக்கா

தங்கச்சி, முதல் வாரம் ரோஸ்டர் கணக்குத் தாளை முடித்து இங்கே போடு. லீவு நாள் எண்ணிக்கையை ஹெச்ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள். எல்லாரும் சேர்ந்து சரிபார்த்துத் தருகிறோம், பிறகு என்எஸ் மேடத்திடம் கொடுக்கலாம்.